மூன்றாவது மிதி

சோரியாங்குப்பம்
3.8.2025

மாமாவுக்கு அமிர்தம் எழுதுவது.

நலமாக இருக்கிறேன் என்று முதல் வரியிலேயே எழுதினால் பொய்யாகிவிடும். தலை நாறுகிறது. நீ வேறு யார் வாயிலாவது கேட்டுச் சிரிப்பதற்கு முன்னால் வெட்கத்தை விட்டு நானே சொல்லிவிடுகிறேன். உள்ளே மாடத்தில் விளக்கெண்ணெய் பாட்டில் இருந்தது. உடம்புச் சூடு தணியட்டும் என்று உச்சியிலிருந்து பிடரி வரை அழுந்தத் தேய்த்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அரிப்பு. சீயக்காய் போட்டேன், சோப்பு போட்டேன், போகவில்லை. காலேஜ் பஸ் ஓட்டி முடித்துவிட்டு இந்தப் பக்கம் வந்த என் தம்பி கலைச்செல்வன்தான் பாட்டிலை மோந்து பார்த்துச் சொன்னான்.

"யக்கா, இது பிரேக் ஆயிலு. மாமா பழைய பாட்டில்ல ஊத்தி வெச்சிக்கிறாரு. இன்னா, தலைக்கு பிரேக் போட்டியா?"

தெருவே சிரித்தது. இரண்டு எருமைகளும் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. பிரேக் ஆயிலை விளக்கெண்ணெய் பாட்டிலில் ஊற்றி வைக்கிற மனுஷன் இந்தப் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்திலேயே நீ ஒருவன்தான்.

இன்ஜின் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிற உன் பழைய லாரி வேப்பமரத்தடியிலேயே நிற்கிறது. மாசியில் ஏரிக்கரையில் பிரேக் பிடிக்காமல் போய், நீ ஸ்டியரிங்கை ஒடித்துத் தோளைப் பிசக்கிக்கொண்ட அன்றைக்குக் கலைச்செல்வன் ஓட்டி வந்து விட்ட இடம். தோள் சரியானதும் வந்துவிடுகிறேன் என்று ஓசூருக்கு மகள் சுவேதா வீட்டுக்குப் போனாய். ஆடியே முடியப்போகிறது. அங்கே வாட்ச்மேன் வேலைக்கு வேறு சேர்ந்துவிட்டாயாம். உன் போன் லாரி டூல்ஸ் பெட்டிக்குள் ஸ்பேனரோடு படுத்திருந்தது. சுவேதா தன் போனை நீட்டினாலும் வாங்கி டிவி பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறாய் என்று அழுகிறாள். சரி, கடுதாசியை என்ன செய்வாய்? அதனால்தான் பாகூர் தபால் ஆபீசுக்குப் போய் இன்லேண்டு வாங்கி வந்தேன். அஞ்சாம் கிளாசோடு விட்ட கை. எழுத்து கோணலாக இருந்தால் உன் ஸ்டியரிங்கை நினைத்துக்கொள், அதைவிட நேராகத்தான் போகும்.

வில்லியனூரிலிருந்து பழைய இரும்புக்காரன் வந்தான். லாரியைத் தட்டித் தட்டிப் பார்த்தான். "இன்னா ஆயா, எடைக்குப் போட்டுடலாமா?" என்றான். "யாருடா ஆயா? உன்னத் தூக்கி எடைக்குப் போட்டுடுவேன்" என்று அனுப்பிவிட்டேன். ஆனால் கார்த்திகையில் வண்டியின் எஃப்.சி. சான்று முடிகிறது. மூணு தரம் மிதித்தால்தான் பிடிக்கிற பிரேக்கைப் பிரேக் இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஏம்பலம் மணவாளன் இந்த சீசனுக்குக் கரும்பு லோடு நமக்குத்தானா, வேறு வண்டி பார்ப்பதா என்று ஆள் விட்டுக் கேட்கிறார்.

நீ வந்தால் அது லாரி. வராவிட்டால் இரும்பு. எப்போது வருகிறாய்?

நாறும் தலையோடு,
அமிர்தம்


சோரியாங்குப்பம்
24.8.2025

மாமாவுக்கு,

பதில் இல்லை. சரி, தபால்காரருக்குக் கால்வலி என்று வைத்துக்கொள்கிறேன்.

நீ வரும்வரை வண்டி மழையில் ஊற வேண்டாம் என்று கலைச்செல்வனை விட்டு மெதுவாக ஓட்டிக்கொண்டுபோய் வில்லியனூரில் மணிவண்ணன் ஷெட்டில் விட்டிருக்கிறேன். நடந்து போயிருந்தால் சீக்கிரம் போயிருப்பேன். மணிவண்ணனை உனக்குத் தெரியும். எந்த வண்டிக்கு அடியில் படுத்திருந்தாலும் வயிறு மட்டும் வெளியே தெரியும். எதைக் கேட்டாலும் முதலில் டீ சொல்லச் சொல்வான், பிறகு "நாளைக்கு" என்பான்.

பழைய ஆயில் பிரேக்கைக் கழற்றிவிட்டு ஏர் பிரேக் போடலாம் என்கிறான். கடலூரில் ஒரு புது மாடல் லாரி அடிபட்டு உடைக்க வந்திருக்கிறதாம். அதன் அச்சு, டிரம் எல்லாம் நம்முடையதற்கு உட்காருமாம். இன்ஜினில் ஒரு கம்ப்ரசர் மாட்டி, அடியில் காற்றுத் தொட்டி கட்ட வேண்டுமாம்.

"இன்னாடா, காத்த நம்பிக் கரும்பு ஏத்தச் சொல்றியா?" என்று கேட்டேன்.

"அக்கா, பெரிய பெரிய பஸ்ஸெல்லாம் காத்துலதான் நிக்கிது. உன் வூட்டுக்காரு காலு ஒண்ணுதான் இன்னும் எண்ணெய நம்பினு இருக்குது."

சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

செலவுக்கு எங்கே போனாய் என்று கேட்காதே. இரண்டு எருமையில் ஒன்று இப்போது பிரேக்காகிவிட்டது.

ஒரு சின்ன விஷயம். பின்பக்கத்துக்கு மட்டும் காற்றுப் பிரேக் போட்டால் போதும், முன்பக்கம் பழைய ஆயிலே இருக்கட்டும் என்று மணிவண்ணன் சொல்கிறான். எனக்கு என்ன தெரியும், சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு பஸ் மாறி வீடு வந்தபோது கால் வீங்கிவிட்டது. நீ இருந்தால் தைலம் தேய்க்கச் சொல்வேன், நீயும் தேய்க்க மாட்டாய், அந்தச் சண்டையிலேயே வலி தெரியாமல் போகும்.

அமிர்தம்


சோரியாங்குப்பம்
14.9.2025

மாமாவுக்கு,

இது மூன்றாவது கடுதாசி.

எருமை ஒன்று குறைந்ததில் வேலையும் குறைந்தது. ஆனால் பழக்கத்தில் விடியலில் எழுந்து இரண்டு வாளி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய் நின்றுவிடுகிறேன். பிறகு ஒன்றைத் திரும்பக் கொண்டுவந்து கவிழ்க்கிறேன். நேற்று கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்தபடியே தூங்கிப்போனேன். இருக்கிற எருமை நக்கி எழுப்பியது.

நாளை மணிவண்ணன் வேலையைத் தொடங்குகிறான். பின்னால் காற்று, முன்னால் எண்ணெய். ஸ்டியரிங்குக்கும் ஒன்றும் செய்ய வேண்டாம், நல்லா கிரீஸ் அடித்தால் ஓடும் என்கிறான். மறுப்பு இருந்தால் எழுது. இல்லாவிட்டால் அப்படியே முடிக்கச் சொல்லிவிட்டேன்.

அமிர்தம்


ஓசூர்
19.9.2025

அமிர்தத்துக்கு,

முன்னால் எண்ணெய், பின்னால் காற்று என்று எவன் சொன்னான்? உடனே நிறுத்தச் சொல். லோடோடு மிதித்தால் பின்சக்கரம் முதலில் கட்டிக்கொள்ளும், முன்சக்கரம் யோசித்துக்கொண்டே இருக்கும், வண்டி வாலைச் சுழற்றிக்கொண்டு பள்ளத்துக்குப் போகும். இரண்டு அச்சும் அதே கடலூர் வண்டியிலிருந்து எடுக்க வேண்டும். காற்றுத் தொட்டிக்கு அடியில் சின்னக் குழாய் இருக்கும், தினமும் திறந்து தேங்கிய தண்ணீரை விட வேண்டும், விடாவிட்டால் உள்ளே துரு. கலைச்செல்வனிடம் சொல்.

கிரீஸ் அடித்தால் தேய்ந்த பல் முளைக்குமா? அந்த ஸ்டியரிங்கில் கால் சுற்று சுற்றினால்தான் சக்கரத்துக்குச் சேதியே போகும். போடுவதென்றால் பவர் ஸ்டியரிங் பெட்டி போடச் சொல். மூக்குக்குள் இடம் போதாது, தனியாகத் தாங்கி செய்து சேஸில் பற்ற வைக்க வேண்டும். கனமான பிளேட். மெல்லிசாக வைத்து ஏமாற்றப் பார்ப்பான், பக்கத்திலேயே நில்.

போனில் பேசாததற்குக் காரணம் இருக்கிறது. போனில் நீ என்னை ஒரு வரிகூட முடிக்க விடமாட்டாய். இதில் குறுக்கே பேச முடியாது அல்லவா?

எந்த எருமையை விற்றாய்?

பழைய ஸ்டியரிங் வீலை எறிந்துவிடாதே.

இருசப்பன்


சோரியாங்குப்பம்
12.10.2025

என் மாமாவுக்கு,

வந்ததய்யா கடுதாசி! உன் காலுக்குப் பழகிய பிரேக் மாதிரியேதான் நீயும். முதல் மிதிக்கு அசையவில்லை, இரண்டாவதற்கு அசையவில்லை, மூன்றாவதற்குப் பிடித்தாய்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கத்தாதே. மணிவண்ணன் முன்னால் எண்ணெய் பின்னால் காற்று என்று சொல்லவே இல்லை. கிரீஸ் என்றும் சொல்லவில்லை. நான்தான் கிளப்பிவிட்டேன். உடம்பு எப்படி என்று கேட்டால் பதில் எழுதமாட்டாய், பிரேக்கைத் தப்பாக மாட்டுகிறார்கள் என்றால் பிணமாகக் கிடந்தாலும் எழுந்து வந்து திட்டுவாய் என்று எனக்குத் தெரியாதா?

விற்றது கொம்பு வளைந்தவளை. நேரான கொம்புக்காரியும் போன வாரம் போய்விட்டாள். அவள்தான் ஸ்டியரிங்.

வேலை முடிந்துவிட்டது. இரண்டு அச்சும் நீ சொன்ன மாதிரிதான். பிளேட் கனமா என்று நானே தூக்கிப் பார்த்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, ஆகவே கனம்தான். காலையில் ஸ்டார்ட் செய்தால் காற்று ஏறும்வரை வண்டி நகராது. காபி குடிக்காமல் பாயை விட்டு எழாத உன்னை மாதிரி. காற்று ஏறி முடிந்ததும் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விடுகிறது. அது என்னை மாதிரி.

வெள்ளோட்டத்தைக் கேள். கலைச்செல்வன் தினமும் காலேஜ் பஸ்ஸில் காற்றுப் பிரேக்தான் ஓட்டுகிறான். ஆனால் அவன் உன்னிடம் ஓட்டக் கற்றது இந்த சீட்டில் அல்லவா? ஏறி உட்கார்ந்ததும் கால் பழைய ஞாபகத்துக்குப் போய்விட்டது. வில்லியனூர் ரோட்டில் ஆடு குறுக்கே வந்தது. இருபதடி முன்னாலேயே, நீ சொல்லிக்கொடுத்த மாதிரி, மூணு மிதி. முதல் மிதியிலேயே வண்டி நட்டு வைத்த மாதிரி நின்றது. மணிவண்ணன் கையிலிருந்த டீ கண்ணாடியில். நான் டேஷ்போர்டில். ஆடு எங்களை நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது.

"மாமா வந்தா மொதல்ல அவுரு கால மாத்தணும்க்கா" என்றான் கலைச்செல்வன்.

ஸ்டியரிங் ஒற்றை விரலில் திரும்புகிறது. மணிவண்ணன் சின்ன வீல் போடத்தான் பார்த்தான். நான் விடவில்லை. உன் பழைய வீல்தான், நான் சுற்றிக் கொடுத்த நீல நைலான் கயிறோடு. உன் தோளுக்கு இனி வேலையே கிடையாது. வந்து உட்கார்ந்தால் போதும்.

மாசியில் ஏரிக்கரையில் நீ வண்டியை ஒடித்துத் தப்பவைத்த நாலு சைக்கிள் பெண்களில் ஒருத்தி, நம் அடுத்த தெரு அர்ச்சனா, வண்டி வீட்டுக்குத் திரும்பியதைப் பார்த்து வந்தாள். லாரியின் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். "பெரிப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டாள். தீபாவளிக்கு என்று சொல்லிவிட்டேன். என் வாக்கைக் காப்பாற்று.

உன் அமிர்தம்


ஓசூர்
26.10.2025

அமிர்தத்துக்கு,

தீபாவளிக்கு வரவில்லை. சுவேதா அனுப்பிய பலகாரம் கிடைத்திருக்கும்.

உன் கடுதாசியைப் பலமுறை படித்தேன். தோள் ஆனியிலேயே சரியாகிவிட்டது. டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். வலி இல்லை. சுவேதாவிடம்கூடச் சொல்லவில்லை. வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தால் யாரும் ஏன் போகவில்லை என்று கேட்க மாட்டார்கள்.

இங்கே கம்பெனி பார்க்கிங்கில் விசில் ஊதி வண்டிகளுக்கு இடம் காட்டுவதுதான் வேலை. ஏதாவது ஒரு கார் கொஞ்சம் வேகமாக உள்ளே வந்தால் என் வலது கால் தானாகத் தரையை மிதிக்கிறது. மூன்று தரம். கூட இருக்கும் வாட்ச்மேன் எனக்கு நரம்புக் கோளாறு என்று நினைக்கிறான். பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார முடிவதில்லை. தூக்கத்தில் நான் உதைக்கிறேன் என்று பேரன் என் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்கிறான்.

அந்த நாலு பெண்களும் பிழைத்தார்கள். எனக்குத் தெரியும். வண்டி கோரைக்குள் இறங்கி நின்றதும் நானே இறங்கிப்போய் நாலு பேரையும் தொட்டுப் பார்த்தேன். அது தெரிந்து என்ன பிரயோஜனம்? நான் மட்டும் இன்னும் மிதித்துக்கொண்டேதான் இருக்கிறேன். மூன்றாவது மிதி வரவே மாட்டேன் என்கிறது.

நீ நல்ல பிரேக் போட்டுவிட்டாய். நல்ல ஸ்டியரிங் போட்டுவிட்டாய். வேலை சுத்தமாக இருக்கும், நீ பக்கத்தில் நின்றிருப்பாய். ஆனால் உட்காருகிறவன் பழையவன்தானே? வண்டியை விற்றுவிடு. கலைச்செல்வனுக்கே கொடுத்தாலும் சரி. வீட்டுக்கு வந்து அதை மரத்தடியில் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். உனக்கு வேண்டுமானால் நீ இங்கே வா.

அந்தப் பெண்ணிடம் பொய் சொல்லி வைக்காதே.

இனிமேல் எழுதாதே. வந்தால் படிக்காமல் இருக்க முடியவில்லை.

இருசப்பன்


சோரியாங்குப்பம்
9.11.2025

மாமாவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

உன் கடுதாசியை லாரிக்குள் உட்கார்ந்துதான் படித்தேன். வெளியே மழை. வேறு எங்கே போய்ப் படிப்பது, வீட்டில் நாலு இடத்தில் ஒழுகுகிறது. படித்து முடித்தும் கேலி ஒன்றும் வரவில்லை. எனக்கே ஆச்சரியம்.

நோவு தோளில் என்று நினைத்துத்தான் ஸ்டியரிங்கை மாற்றினேன். நோவு அங்கே இல்லையாம். நேரான கொம்புக்காரியிடம் இதை நான் எப்படிச் சொல்வேன்? களைப்பாக இருக்கிறது மாமா. ஏரி வேலைக்குப் போகிறேன், மண் சுமக்கிறேன், வருகிறேன், ஒருத்திக்காக உலை வைக்கச் சோம்பல்பட்டுப் பழையதைக் கரைத்துக் குடிக்கிறேன். நீ ஒரு ஊரில் தரையை மிதித்துக்கொண்டிருக்கிறாய், நான் ஒரு ஊரில் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நன்றாகத்தான் குடித்தனம் செய்கிறோம்.

ஒன்று சொல்ல வேண்டும். இதை உன்னிடம் எப்போதும் சொன்னதில்லை.

கல்யாணமான வருஷத்திலிருந்து உன்னோடு எத்தனை லோடுக்கு வந்திருப்பேன்? செங்கல், நெல், கரும்பு. சுவேதாவை மடியில் வைத்துக்கொண்டுகூட வந்தேன். இடது பக்கம் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுவேன். "வாய மூடுறியா அமிர்தம், ரோட்டப் பாக்க வுடு" என்பாய். நான் உன்னைக் கிண்டல் செய்வேன், எதிரே வருகிறவனைக் கிண்டல் செய்வேன், சும்மா போகிற மாட்டைக் கிண்டல் செய்வேன். ஏன் என்று நினைத்தாய்? பயம் மாமா. உன் பிரேக் மூன்றாவது மிதிக்குத்தான் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு இறக்கத்திலும் நீ அங்கே மிதித்தால் நான் இங்கே மிதிப்பேன். நீ மூணு, நான் மூணு. என் பக்கம் மிதியே கிடையாது, வெறும் தகரம்தான். ஆனாலும் மிதிப்பேன். வாய் பேசிக்கொண்டே இருக்கும், கால் மிதித்துக்கொண்டே இருக்கும்.

நம்பாவிட்டால் வந்து பார். இடது பக்கம் என் வலது கால் படுகிற இடத்தில் தகரம் வழவழவென்று தேய்ந்து குழி விழுந்திருக்கிறது. தரையெல்லாம் புதுத் தகரம் அடிக்கும்போது மணிவண்ணன் அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "இன்னாக்கா இது, கிளீனர் பக்கம் எப்பிடி இப்பிடித் தேய்ஞ்சிது?"

"எலி" என்றேன்.

அந்த ஒரு துண்டை மட்டும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று அப்போது தெரியவில்லை.

நீ ஓட்ட வேண்டாம். ஸ்டியரிங்கைத் தொடவும் வேண்டாம். சீசன் முடியும்வரை காலேஜ் பஸ்ஸை விட்டுவிட்டு வருகிறேன் என்று கலைச்செல்வன் ஒத்துக்கொண்டான். கிளீனர் இடம் காலியாக இருக்கிறது. வந்து இடது பக்கம் உட்கார். பயம் வந்தால் மிதி. யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். இடம் ஏற்கெனவே தேய்ந்துதான் இருக்கிறது, உன் கால் சரியாக உட்காரும்.

அதுவும் ஆகாது என்றால், வீட்டுக்கு மட்டும் வா. எஃப்.சி. ஆனாலும் ஆகாவிட்டாலும் அந்த இரும்புக்காரனை நானே கூப்பிட்டு எடைக்குப் போட்டுவிடுகிறேன். "ஆயா" என்றாலும் பொறுத்துக்கொள்கிறேன். மரத்தடி வெறுமையாக இருக்கும், நீ நிம்மதியாக உட்காரலாம். லாரி இல்லாமல் என்னால் இருக்க முடியும்.

ஓசூருக்கு நான் வரமாட்டேன். அங்கே வந்து எந்த எருமையோடு பேசுவேன்?

அமிர்தம்


ஓசூர்
23.11.2025

அமிர்தம்,

எழுத எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். பேரன்தான் பேனாவைத் தேடிக் கொடுத்தான்.

நீ மிதித்தது எனக்குத் தெரியாது. பக்கத்திலேயே இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தாய். நான் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பேசுவது பயத்தில் என்று தெரிந்திருந்தால் வாயை மூடச் சொல்லியிருக்க மாட்டேன். அதாவது, அத்தனை தரம் சொல்லியிருக்க மாட்டேன்.

எடைக்குப் போடாதே.

கிளீனருக்கு என்ன படி கொடுப்பாய்? கலைச்செல்வன் முதலாளி மாதிரி "டேய்" என்று கூப்பிட்டால் நடு ரோட்டில் இறங்கிவிடுவேன். காற்றுத் தொட்டித் தண்ணீரை நான்தான் தினமும் திறந்துவிடுவேன், அவன் மறந்துவிடுவான். டயர் தட்டிப் பார்ப்பதும் நான்தான்.

மாதக் கடைசி வரை வேலை பார்த்துக் கணக்கு முடித்துக்கொண்டு, டிசம்பர் முதல் வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பஸ்ஸில் பின்சீட்டு கேட்டு வாங்கிக்கொள்கிறேன். வண்டியை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்துவிடாதே, உன்னைத் தெரியும். பாகூரில் இறங்கி ஏரிக்கரை வழியாக நடந்தே வருகிறேன். முதலில் நடந்து பார்க்கிறேன்.

ஏறுவேனா என்று தெரியாது. வருகிறேன்.

இருசப்பன்


சோரியாங்குப்பம்
30.11.2025

மாமாவுக்கு,

நீ கிளம்புவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று காலையிலேயே எழுதுகிறேன்.

எஃப்.சி. ஆகிவிட்டது. பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார், அடியில் குனிந்து பார்த்தார், தானே ஏறி ஓட்டிப் பார்த்தார். முதல் மிதியில் நின்றது. இறங்கி வந்து, "யாரும்மா இந்தக் கிழத்துக்கு இவ்ளோ செஞ்சது?" என்று கேட்டார். லாரியைத்தான் கேட்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மணவாளனுக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன். பொங்கலுக்கு முந்திய கரும்பு வெட்டு நமக்குத்தான்.

அர்ச்சனாவிடம் நீ வருவதைச் சொல்லவில்லை. நீயே எதிரில் வந்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

படியைப் பற்றிக் கேட்டாய். மூன்று வேளை சோறு, வாரம் ஒரு கருவாட்டுக் குழம்பு, திட்டு இலவசம். காலுக்குத் தைலம் நீ எனக்குத் தேய்க்க வேண்டும், அது தனி.

பின்சீட்டில் குலுங்கும், இடுப்புக்குத் துண்டை மடித்து வைத்துக்கொள். ஏரிக்கரையில் நடக்கும்போது கால் மிதித்தால் மிதித்துக்கொண்டே வா. அவசரம் ஒன்றும் இல்லை. சோறு மூடித்தான் வைத்திருப்பேன்.

இன்னொரு விஷயம். இரண்டு நாளைக்கு ஒரு தரம் ஸ்டார்ட் செய்து காற்று ஏற்றி வைக்கச் சொன்னான் மணிவண்ணன். அதைக் கலைச்செல்வன்தான் செய்வான். நேற்று அவன் வரவில்லை. நானே ஏறினேன். உன் சீட்டில் உட்கார்ந்தால் ரோடு எப்படித் தெரியும் என்று பார்க்கவும் ஆசையாக இருந்தது. நன்றாகத்தான் தெரிகிறது. காற்று ஏறியது, புஸ்ஸென்றது, எதையோ இழுத்தேன், வண்டி நகர்ந்தது. வேப்பமரத்தடியிலிருந்து கொல்லைப் பக்கம் சரிவு என்பது உனக்குத் தெரியும். பதறவில்லை. நீ மிதிக்கிற மாதிரியே மூன்று தரம் மிதித்தேன். மூன்று தரமும் கிளட்சை. பிரேக்கில் ஒரு குறையும் இல்லை, மிதித்திருந்தால் நின்றிருக்கும்.

கொம்யூனில் கட்டிக்கொடுத்த கக்கூஸ் சுவரில் மூக்கை வைத்து வண்டி தானாக நின்றது. சுவருக்கு ஒன்றும் இல்லை. மூக்குக்கும் ஒன்றும் இல்லை. எனக்கும் ஒன்றும் இல்லை. சுவருக்கும் மூக்குக்கும் நடுவில் இருந்த குளிக்கிற தட்டி மறைப்பும் தண்ணீர்த் தொட்டியும் இப்போது இல்லை.

ஓசூரிலேயே குளித்துவிட்டு வா.

அமிர்தம்